நாற்பது பேர் நானூறு பேர் ஆவது எப்படி?

தருமபுரி மாவட்டத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "எட்டு ஆண்டுகளாக எங்கள் பகுதியில் நாற்பது சிறு விவசாயிகள் ரசாயனம் இல்லாமல் கேழ்வரகு, நிலக்கடலை, துவரை பயிரிடுகிறோம். செலவு குறைந்திருக்கிறது, மண்ணும் தேறியிருக்கிறது. ஆனால் நாற்பது நாற்பதாகவே நிற்கிறது. அதிகாரிகளிடம் இரண்டு முறை மனுக் கொடுத்தோம். அரசோடும் மற்ற அமைப்புகளோடும் சேர்ந்து இதைப் பரப்ப வழி உண்டா? இல்லை, ரசாயன உரத்தை அரசு தடை செய்தால்தான் முடியுமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து தடை கேட்காதீர்கள். பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் அது நடந்து, அதன் பலனையும் பார்த்துவிட்டோம். 2021 ஏப்ரலில் இலங்கை அரசு ரசாயன உரம், பூச்சிக்கொல்லி இறக்குமதியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. மே மாதத் தொடக்கத்திலேயே அரசிதழ் அறிவிப்பு வந்துவிட்டது. அந்நியச் செலாவணி கரைந்துகொண்டிருந்த நேரம் அது. இயற்கை விவசாயத்தின்மீது இருந்த அக்கறையோடு அந்த நெருக்கடியும் சேர்ந்துதான் அந்த அவசரத்தை உண்டாக்கியது. பெரும்போகம் என்கிற முக்கிய நெல் பருவத்துக்கு வயலைத் தயார் செய்தவர்களுக்கு யூரியாவுக்குப் பதிலாக எதை, எவ்வளவு, எப்போது இடுவது என்று சொல்லித்தர ஊரில் ஆள் இல்லை. நாடு முழுக்கப் போடுமளவுக்குத் தொழுவுரமும் இல்லை. நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டார்கள். அதற்குள் பருவம் கைவிட்டுப் போயிருந்தது. அந்தப் பெரும்போகத்தின் நெல் உற்பத்தி முந்தைய ஆண்டைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. விவசாயிகளுக்கு இழப்பீடு கொடுத்து, அரிசியையும் இறக்குமதி செய்ய வேண்டியதாயிற்று. பணத்தில் கணக்குப் போட முடியாத இழப்பு ஒன்றும் உண்டு. பல ஆண்டுகளாக அங்கே பொறுமையாக இயற்கை விவசாயம் செய்துவந்தவர்களின் சொல்லுக்கு இருந்த மதிப்பையும் அந்த ஓர் அறிவிப்பு கெடுத்துவிட்டது.

நீங்கள் தேடுகிற வழிக்கு நான் ஆந்திரத்தைத்தான் காட்டுவேன். அனந்தபூர் பக்கம் சில ஆண்டுகள் களப்பணியில் இருந்தவன் என்பதால் அதன் நிறையும் குறையும் எனக்கு ஓரளவு தெரியும். உங்களுக்கும் அந்த மண் அந்நியமாக இருக்காது. அதே நிலக்கடலை, அதே துவரை, அதே பொய்க்கிற மழை.

ஆந்திரத்தில் ரசாயனத்தை விடும் முயற்சி பெரிதாகத் தொடங்கியது கம்மம் மாவட்டத்தில், பால்வஞ்சா அருகே இருக்கும் புனுக்குலா என்ற சிற்றூரில். இன்று அந்த ஊர் தெலங்கானாவில் இருக்கிறது. பருத்தியும் மிளகாயும் விளையும் ஊர். தொண்ணூறுகளில் அங்கே பூச்சி மருந்துக்கடைக்காரர்தான் கடன் கொடுப்பார், மருந்து விற்பார், அறுவடை முடிந்ததும் பருத்தியையும் அவரே எடுத்துக்கொள்வார். எந்த மருந்தை எத்தனை முறை அடிப்பது என்பதையும் அவர்தான் முடிவு செய்தார். மருந்துக்கு அடங்காத காய்ப்புழு, அதற்காக இன்னும் கடுமையான மருந்து, அதற்காக இன்னும் கடன் என்று அந்தப் பகுதி தற்கொலைகள்வரை போனது. 1999 வாக்கில் செக்யூர் என்ற சின்னத் தொண்டு நிறுவனம், ஹைதராபாத்தில் இயங்கிய சென்டர் ஃபார் வேர்ல்ட் சாலிடாரிட்டி அமைப்பின் துணையோடு, பூச்சிக்கொல்லி இல்லாத பயிர்ப் பாதுகாப்பை அங்கே கொண்டுபோனது. வேப்பங்கொட்டைக் கரைசல், இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசல், மஞ்சள் ஒட்டுப்பொறி, இனக்கவர்ச்சிப் பொறி, வரப்பில் பூச்சியைத் தன்பக்கம் இழுக்கும் பொறிப்பயிராக ஆமணக்கும் செண்டுமல்லியும், பறவை உட்கார வயலின் நடுவே குச்சிகள். துவரைச் செடியை உலுக்கிக் கீழே விரித்த துணியில் புழுவை விழவைத்துப் பொறுக்குவதும் அதில் ஒன்று. சில ஆண்டுகளுக்குள் அந்த ஊர் முழுவதும் பூச்சிக்கொல்லியை விட்டது. எங்கள் ஊருக்குள் மருந்து வேண்டாம் என்று ஊராட்சியே முடிவெடுத்து அறிவித்தது.

இந்தக் கதையில் நீங்கள் கவனிக்க வேண்டியது இரண்டு. அவர்கள் முதலில் கைவைத்தது பூச்சிக்கொல்லியில் மட்டும்தான். உரத்தைப் பற்றி ஆரம்பத்தில் பேசவே இல்லை. விவசாயிக்கு எங்கே அதிகம் வலித்ததோ, எங்கே செலவு உடனே குறையுமோ அங்கே தொடங்கினார்கள். முதல் பருவத்திலேயே கையில் மிச்சம் நின்றது. நம்மில் பலர் புதிதாக வருபவரிடம் விதை, உரம், பூச்சி, மாடு, மண்ணைச் சருகால் மூடும் மூடாக்கு என எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்கிறோம். ஒரு ஏக்கர்காரர் அதைக் கேட்டு மிரண்டு போகிறார். அவர் மிரள்வதில் நியாயம் இருக்கிறது.

இன்னொன்று, அங்கே விவசாயியைக் கட்டிப்போட்டிருந்தது கடன். வேம்பைப் பற்றி அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. மருந்தை விட்டால் கடைக்காரர் கடனை நிறுத்திவிடுவார் என்ற பயம்தான் கையைக் கட்டியிருந்தது. அந்த முடிச்சை அவிழ்க்கும் வலு எந்தத் தொண்டு நிறுவனத்துக்கும் இல்லை. அது மகளிர் சுய உதவிக் குழுக்களிடம் இருந்தது.

இங்கேதான் அரசு உள்ளே வருகிறது. ஆந்திர அரசின் வறுமை ஒழிப்புச் சங்கம், செர்ப் என்று சுருக்கிச் சொல்வார்கள், 2000-இல் தொடங்கப்பட்டது. லட்சக்கணக்கான பெண்கள் அதன் குழுக்களில் இருந்தார்கள். குழுக்கள் சேர்ந்து ஊர்க் கூட்டமைப்பு, அதற்கு மேல் மண்டலக் கூட்டமைப்பு (நம் ஒன்றியம் போன்றது), அதற்கு மேல் மாவட்டக் கூட்டமைப்பு. அதன் தலைமை அதிகாரியாக இருந்த டி. விஜயகுமார், பெண்கள் வாங்கும் குழுக்கடனில் பெரும்பகுதி மருந்துக்கும் உரத்துக்கும் போய்ச் சேர்வதைக் கவனித்தவர். கடன் கொடுத்து வறுமையை ஒழிக்க நினைத்தால், அந்தக் கடன் இடுபொருள் கடை வழியாக வெளியேறிவிடுகிறது. 2004-05-இல் செர்ப், நிலைத்த வேளாண்மை மையம் போன்ற தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து, பூச்சிக்கொல்லி இல்லாத விவசாயத்தை அந்தக் கூட்டமைப்புகள் வழியே எடுத்துச் சென்றது. ஊர்க் கூட்டமைப்பே முடிவெடுக்கும், பயிற்சியாளரை வைக்கும், கணக்குப் பார்க்கும். மாடு இல்லாதவர்களுக்கும் கரைசல் காய்ச்ச நேரம் இல்லாதவர்களுக்கும் ஊரிலேயே ஒரு பெண் வேப்பங்கொட்டைத் தூளும் கரைசலும் தயாரித்து விற்கிற சின்னக் கடை வந்தது. 2009-இல் உலக வங்கி வெளியிட்ட அறிக்கையின்படி 3 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயிகள், 13.6 லட்சம் ஏக்கர். அதைப் பார்த்துத்தான் 2010-11-இல் மத்திய அரசு பெண் விவசாயிகளுக்கான மகிளா கிசான் சசக்திகரண் பரியோஜனாவைத் தொடங்கியது. ஒரு சிற்றூரின் அனுபவம் நாடு தழுவிய திட்டமாக மாறப் பத்தாண்டுக்கு மேல் ஆனது. இதைவிட விரைவாக நடந்து நிலைத்த ஒன்றை நான் பார்த்ததில்லை.

2014-இல் விவசாயிகளுக்கு வலுவூட்ட ரைத்து சாதிகார சம்ஸ்தா என்ற அரசு நிறுவனம் ஆந்திரத்தில் அமைந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் வெளியிலிருந்து இடுபொருள் வாங்காத "ஜீரோ பட்ஜெட்" விவசாயத்தைப் பரப்பிய சுபாஷ் பாலேக்கரின் பெரிய பயிற்சி முகாம்களோடு, ஜீவாமிர்தம் என்ற சாணக் கரைசல், மூடாக்கு வழியிலான இயற்கை விவசாயம் மாநிலத் திட்டமாயிற்று. 2018-இல் "2024-க்குள் 60 லட்சம் விவசாயிகள்" என்று அறிவித்தார்கள். அந்த இலக்கின் அருகில்கூட வர முடியவில்லை. பல லட்சம் பேரோடு நின்றது. அந்தப் பல லட்சமே உலகில் வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காத எண்ணிக்கை. லிஸ்பனில் கொடுக்கப்படும் குல்பெங்கியன் மனிதகுலப் பரிசை 2024-இல் பகிர்ந்துகொண்ட மூவரில் இந்த ஆந்திரத் திட்டமும் ஒன்று.

விமரிசனங்களையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதிகாரியின் மேசையில் அவைதான் உங்கள் எதிரே வைக்கப்படும். 2019 மத்திய பட்ஜெட் உரையில் "ஜீரோ பட்ஜெட்" விவசாயம் இடம்பெற்றது. அதே ஆண்டில் தேசிய வேளாண் அறிவியல் கழகம், இது நிரூபிக்கப்படாத முறை, பரப்புவதற்கு முன் ஆராய வேண்டும் என்று எதிர்த்தது. "ஜீரோ பட்ஜெட்" என்ற பெயரில் எனக்கும் உடன்பாடில்லை. ஒரு ஏக்கருக்கு 200 லிட்டர் ஜீவாமிர்தம் கரைக்கப் பத்து கிலோ சாணம், ஐந்திலிருந்து பத்து லிட்டர் கோமியம், இரண்டு கிலோ வெல்லம், இரண்டு கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி மண் வேண்டும். இரண்டு நாள் காலையும் மாலையும் கலக்கிவிட வேண்டும். அதைச் செய்வது பெரும்பாலும் வீட்டுப் பெண். அவருடைய உழைப்பைப் பூஜ்யம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆந்திரத் திட்டமே பின்னாளில் அந்தப் பெயரைக் கைவிட்டு, மக்கள் நிர்வகிக்கும் இயற்கை விவசாயம் என்று பெயரை மாற்றிக்கொண்டது.

அனந்தபூரில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். மே மாதம், நடு வெயில். ஒன்றரை ஏக்கர் வைத்திருந்த ஒரு அம்மா, கம்பு, சோளம், காராமணி, உளுந்து, கொள்ளு, ஆமணக்கு என ஒரு டஜன் விதைகளைக் களிமண்ணிலும் சாணத்திலும் சாம்பலிலும் புரட்டி உருட்டி நிழலில் காயவைத்திருந்தார். பருவமழைக்கு முந்தைய விதைப்பு என்று அங்கே சொல்வார்கள். ஈரமே இல்லாத நிலத்தில் அந்த உருண்டைகளைத் தூவி, மேலே போன பருவத்துக் கடலைக்கொடியைப் பரப்பினார். பக்கத்து நிலத்துக்காரர் வரப்பில் நின்று தலையை ஆட்டிக்கொண்டே போனார். இரண்டு வாரம் கழித்து ஒரு சின்னக் கோடைமழை, மண்ணை நனைத்ததும் நனைக்காததுமாகப் பெய்தது. நான் மறுபடி போனபோது அந்த அம்மா குனிந்து கடலைக்கொடியை விலக்கி, மண்ணை ஒரு பிடி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். குளிர்ந்திருந்தது. விரல் உயரத்துக்குக் கொள்ளு முளைத்து நின்றது. வரப்பில் தலையாட்டிய அதே மனிதர் அன்று செருப்பைக் கழற்றிவிட்டு வயலுக்குள் இறங்கி, எந்த விதை எத்தனை கிலோ என்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னிடம் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டதெல்லாம் அந்த அம்மாவிடம்தான்.

நாற்பது நானூறு ஆவது அந்த வரப்பில்தான். ஆந்திரத் திட்டத்தின் உயிர் என்று நான் நினைப்பதும் அதையே. நன்றாகச் செய்துகாட்டிய விவசாயியைத் தேர்ந்தெடுத்து, அவருக்கு மாதச் சம்பளம் கொடுத்து, பக்கத்து வயல்களுக்கு அனுப்புகிறார்கள். புழு விழுந்த அன்று காலையில் கூப்பிட்டால் பத்து நிமிடத்தில் வந்து நிற்கக்கூடிய ஆள் அவர். வேளாண் துறையில் ஒரு உதவி வேளாண்மை அலுவலர் எத்தனை ஊராட்சிகளைப் பார்க்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் புழுவுக்கு முன் வந்து சேர முடியாது. உங்கள் நாற்பது பேரில் இந்த வேலைக்குத் தகுதியானவர்கள் ஐந்தாறு பேராவது இருப்பார்கள். இப்போது அவர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு, சொந்த பெட்ரோல் போட்டு, மனமிருந்தால் வருகிறார்கள். மனத்தை நம்பி எட்டு ஆண்டு ஓட்டியிருக்கிறீர்கள். அதற்கு மேல் நகராததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

எனவே அரசிடம் நீங்கள் கேட்க வேண்டியது இந்த ஆட்களுக்கான சம்பளத்தை. அனந்தபூரில் நாங்கள் இதில் ஒரு தவறு செய்தோம். முதல் இரண்டு ஆண்டும் மனு எழுதியபோது பிளாஸ்டிக் டிரம்மும் மாட்டுக்கு மானியமும் கேட்டோம். டிரம் வந்தது. அடுத்த கோடையில் போய்ப் பார்த்தால் பாதி வீடுகளில் அதில் குடிதண்ணீர் பிடித்து வைத்திருந்தார்கள். தண்ணீர்ப் பஞ்சத்தில் அவர்கள் செய்தது சரிதான். பொருளைக் கேட்டதுதான் தவறு. பொருள் கொடுத்தவுடன் திட்டம் முடிந்துவிடுகிறது. சொல்லித்தரும் ஆளுக்குச் சம்பளம் இருந்தால் மூன்று, நான்கு ஆண்டுகள் தொடர்கிறது. மண் தேறுவதற்கும் ஏறத்தாழ அவ்வளவு காலம் வேண்டியிருக்கிறது.

இப்போது அதைக் கேட்க ஒரு வாசலும் திறந்திருக்கிறது. 2024 நவம்பரில் மத்திய அரசு தேசிய இயற்கை வேளாண்மை இயக்கத்துக்கு, மாநிலங்களின் பங்கையும் சேர்த்து 2,481 கோடி ரூபாய்ச் செலவில், ஒப்புதல் கொடுத்தது. விவசாயிகளைச் சேர்த்து அமைக்கும் 15,000 தொகுப்புகள், 1 கோடி விவசாயிகள், 10,000 இயற்கை இடுபொருள் மையங்கள் என்பது அதன் திட்டம். ஊரில் இருந்தே கற்றுத்தர "கிருஷி சகி" (விவசாயத் தோழி) என்ற பெயரில் பெண்களை வைக்கவும் அதில் இடம் உண்டு. உங்கள் மாவட்டத்தில் எந்த ஊர்கள் தொகுப்பில் வருகின்றன, சகிகளாக யாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று போய்க் கேளுங்கள். ஏற்கெனவே இயற்கை விவசாயம் செய்கிற பெண்ணைத்தான் வைக்க வேண்டும் என்பது உங்கள் கோரிக்கையாக இருக்கட்டும். மூன்று நாள் பயிற்சி மட்டும் முடித்தவர் அடுத்தவர் வயலில் நின்று பேச முடியாது. 2023 மார்ச்சில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட அங்கக (ஆர்கானிக்) வேளாண்மைக் கொள்கையையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அரசே எழுதி வைத்திருக்கும் சொற்களைச் சுட்டிக் கேட்கும் மனுவை அப்படியே ஒதுக்கிவைப்பது கடினம்.

ஏன் அரசிடம் கேட்டே தீர வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். விவசாயி தானாக மாறட்டும் என்பார்கள். ஆனால் 45 கிலோ யூரியா மூட்டை விவசாயிக்கு 270 ரூபாய்க்குள் கிடைக்கிறது. மீதி விலையை அரசு கட்டுகிறது. 2022-23-இல் உர மானியம் மட்டும் இரண்டரை லட்சம் கோடி ரூபாய். மூட்டைக்கு அரசு பணம் போடுகிறது. சாணம் சுமக்கும் பெண்ணுக்கு யாரும் போடுவதில்லை. இந்த ஏற்றத்தாழ்வு இருக்கும்வரை "தானாக மாறட்டும்" என்பது சிறு விவசாயிக்குச் செய்யும் அநீதி.

கூட்டாளிகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்களைப் போலவே கேழ்வரகு விளைகிற ஒடிசாவைப் பாருங்கள். 2017-இல் அங்கே சிறுதானிய இயக்கம் ஏழு மாவட்டங்களின் 30 ஒன்றியங்களில் தொடங்கியது. மாநில வேளாண் துறை, புவனேஸ்வரில் இருக்கும் நபகிருஷ்ண சௌத்ரி ஆய்வு மையம், வாசன் என்ற தொண்டு நிறுவனம் மூன்றும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. ஊரில் வேலை உள்ளூர் அமைப்புகளுக்கும் மகளிர் குழுக்களுக்கும். மூவரில் ஒருவர் ஆய்வு நிறுவனமாக இருந்தது பெரிய புத்திசாலித்தனம். தொண்டு நிறுவனம் சொல்லும் விளைச்சல் கணக்கை அதிகாரி சந்தேகிப்பார், அதிகாரி சொல்லும் எண்ணிக்கையை மக்கள் சந்தேகிப்பார்கள். நடுவில் அளந்து சொல்ல ஒருவர் வேண்டும். விளைந்த கேழ்வரகை அரசே ஆதரவு விலைக்கு வாங்கி ரேஷனுக்குக் கொடுத்தது. கியோஞ்சரில் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு லட்டாகவும் கொடுத்தார்கள். விற்க இடம் கிடைத்ததால் விதைத்தவர்கள் கூடினார்கள். தருமபுரியிலும் நீலகிரியிலும் 2023-இல் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். அந்தக் கொள்முதலில் உங்கள் நாற்பது பேர் மூட்டை கொடுத்திருக்கிறார்களா? இல்லையென்றால் அதிலிருந்தே தொடங்குங்கள். சான்றிதழுக்காக அலைவதைவிட இது அவசரம். சான்றிதழ் தேவைப்பட்டால் விவசாயிகளே ஒருவர் வயலை ஒருவர் பார்த்து உறுதி தரும் பங்கேற்பு உத்தரவாத முறை போதும்.

உங்கள் கூட்டாளிகளில் முதலாவதாக நான் வைப்பது ஊராட்சி அளவிலான மகளிர் குழுக் கூட்டமைப்பைத்தான். நீங்கள் இதுவரை விவசாயிகள் சங்கமாக ஆண்களைக் கூட்டியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். கடன் கணக்கு பெண்களிடம் இருக்கிறது, மாடு பெண்களிடம் இருக்கிறது, என்ன சமைப்பது என்பதும் பெண்களிடம் இருக்கிறது. இரண்டாவது, பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்தில் மனம் திறந்த ஒரு விஞ்ஞானி. உங்கள் வயலில் பயிர் அறுவடைச் சோதனை செய்து, பக்கத்து ரசாயன வயலிலும் செய்து, இரண்டையும் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். விளைச்சல் கொஞ்சம் குறைவாக வந்தாலும் மறைக்க வேண்டாம். செலவையும் சேர்த்து எழுதினால் மிச்சம் எவ்வளவு என்று தெரியும். அடகு வைத்த நிலத்தை மீட்ட குடும்பங்களின் கணக்கே ஆந்திரத்தில் அதிகாரிகளை அசைத்தது.

குத்தகைக்காரர்களை மறந்துவிடாதீர்கள். ஆந்திரத்தின் பெரிய ஓட்டை இது. 2019-இல் அங்கே குத்தகைப் பயிர் செய்பவருக்கு 11 மாத உரிமை அட்டை கொடுக்கச் சட்டம் வந்தது. ஆனால் நில உரிமையாளர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் பலருக்கு அட்டை கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு நிலம் கையில் இருக்குமா என்று தெரியாதவர் மண்ணைத் தேற்ற ஏன் உழைக்க வேண்டும்? உங்கள் கூட்டத்தில் குத்தகைக்கோ, விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்கோ பயிரிடுபவர் இருந்தால், நில உரிமையாளரிடம் மூன்று ஆண்டு வாய்மொழி உறுதியாவது வாங்கித்தர ஊர்ப் பெரியவர்களோடு போய் உட்காருங்கள். சட்டம் வரும்வரை காத்திருக்க அவர்களால் முடியாது.

அடுத்த மனுவை எழுதுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். நாற்பது பேரில் ஆறு பேரை, அதில் பாதி பெண்களாக, தேர்ந்தெடுத்து ஆளுக்கொரு நோட்டு கொடுங்கள். விதையிலிருந்து கூலிவரை, வீட்டு ஆள் வேலை செய்த நாள்கள் உட்பட, ஒரு பருவம் முழுக்க அன்றன்றே எழுதட்டும். வரப்புக்கு அந்தப் பக்கம் ரசாயனம் போடும் ஆறு பேரும் சம்மதித்தால் அவர்களுக்கும் நோட்டு கொடுங்கள். அறுவடை முடிந்து அடுத்து வரும் கிராம சபையில் அந்தப் பெண்களில் ஒருவர் எழுந்து நின்று தன் நோட்டையும் பக்கத்து வயலின் நோட்டையும் வாசிக்கட்டும். தீர்மானத்தில் மூன்றே வரி இருந்தால் போதும்: இந்த ஊராட்சிக்கு ஊதியத்தோடு இரண்டு சகிகள், ஒரு இடுபொருள் கடை, ரேஷனுக்குக் கேழ்வரகு கொள்முதல். அந்தத் தீர்மானத்தோடும் நோட்டுகளின் நகலோடும் மூன்றாவது முறை மனுக் கொடுக்கப் போங்கள். நோட்டில் என்னென்ன பத்திகள் போடுவது என்று தெரியவேண்டுமானால் கேளுங்கள், அனந்தபூரில் நாங்கள் வைத்திருந்த மாதிரியை எழுதித் தருகிறேன்.